கணினிக்குள் ஒரு செவ்வாய்

வீட்டுக் கூடத்தில் தொங்கும் மின்விசிறியின் விட்டம் பெரும்பாலும் 1,200 மில்லிமீட்டர். முழு வேகத்தில் வைத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 சுற்று சுற்றும். செவ்வாய்க் கோளில் பறந்த நாசாவின் 'இன்ஜெனுவிட்டி' ஹெலிகாப்டரின் சுழலிக்கும் விட்டம் அதே 1.2 மீட்டர்தான். ஆனால் அது நிமிடத்துக்கு 2,537 முறை சுற்றியது. அப்படிப்பட்ட சுழலிகள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக, எதிரெதிர்த் திசையில். இத்தனை வேகமும் 1.8 கிலோ நிறையுள்ள ஒரு சிறு பொறியைத் தரையிலிருந்து கிளப்புவதற்காக.

செவ்வாயில் காற்று அவ்வளவு மெல்லியது. பூமியின் தரைமட்டக் காற்றோடு ஒப்பிட்டால், அதன் அடர்த்தி நூற்றில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். பூமியில் அப்படிப்பட்ட காற்றைத் தேடினால் 30 கிலோமீட்டருக்கும் மேலே போக வேண்டும். பயணிகள் விமானங்கள் பறப்பது 10, 12 கிலோமீட்டர் உயரத்தில். 1972இல் ழான் பூலே என்ற ஃபிரெஞ்சு விமானி ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் ஏறியதே பெரும் சாதனை. செவ்வாயில் ஈர்ப்பு விசை நம்முடையதில் 38 விழுக்காடுதான் என்பதே ஒரே சலுகை.

புதிதாக ஒரு ரோபோவைச் செய்பவர்களின் பழைய வழி எளிமையானது. செய்து பார், உடைந்தால் ஏன் என்று பார், திருத்திச் செய். செவ்வாய் ஹெலிகாப்டருக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. அது பறக்க வேண்டிய வானம் பூமியில் எங்கும் இல்லை. அனுப்பி உடைத்துப் பார்க்கலாம் என்றால், அடுத்த வண்டி வரப் பல ஆண்டுகள் ஆகும். எனவே, கலிஃபோர்னியாவில் உள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் பொறியாளர்கள் ஹெலிகாப்டர் உருவாகும்போதே இன்னொன்றையும் உருவாக்கினார்கள். கணினிக்குள் ஒரு செவ்வாய், அதன் காற்றில் ஒரு ஹெலிகாப்டர்.

இதை முழு அமைப்புப் பாவனையாக்கம் என்கிறார்கள். பொறியாளர்கள் பேச்சில் சிமுலேஷன். ஒரு பொருளைக் கணினியில் படமாக வரைவது வேறு, இது வேறு. மோட்டாருக்கு ஒரு சமன்பாடு, மின்கலத்துக்கு ஒன்று, இறக்கை வளைவதற்கு ஒன்று, காற்றின் உந்தலுக்கு ஒன்று, கேமராவின் தாமதத்துக்கு ஒன்று, கடைசியில் இவை அனைத்தையும் ஆளும் கட்டுப்பாட்டு மென்பொருள். எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்தில் கோத்து ஓடவிடுவதுதான் 'முழு அமைப்பு' என்பதன் பொருள்.

கோப்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. ஒரு சின்னச் சங்கிலியைப் பாருங்கள். காற்று வீசி ஹெலிகாப்டர் சற்றே இறங்குகிறது. கட்டுப்பாட்டு மென்பொருள் இறக்கைகளின் சாய்வைக் கூட்டுகிறது. சாய்ந்த இறக்கையைச் சுற்ற மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. குளிரில் விறைத்த மின்கலத்தின் மின்னழுத்தம் தணிகிறது. மின்னழுத்தம் தணிந்தால் மோட்டார் தன் வேகத்தைக் காப்பாற்றத் திணறுகிறது. வேகம் குறைந்தால் தூக்குவிசை குறைகிறது, ஹெலிகாப்டர் மேலும் இறங்குகிறது. இதில் மோட்டார் நல்ல மோட்டார்தான், மின்கலம் நல்ல மின்கலம்தான், மென்பொருளிலும் பிழை இல்லை. தனித்தனி மேசையில் வைத்துச் சோதித்தால் மூன்றுமே தேறிவிடும். கோளாறு அவற்றுக்கு இடையே உள்ள உறவில் ஒளிந்திருக்கிறது. பொதுவாக, எல்லாப் பாகங்களும் வந்து சேர்ந்து பூட்டிய பிறகுதான் இப்படிப்பட்டவை வெளிப்படும். அதற்குள் காலமும் பணமும் கரைந்திருக்கும். பாகங்கள் சமன்பாடுகளாக இருக்கும்போதே பூட்டிப் பார்த்துவிட்டால், அந்தக் கோளாறு முதல் மாதத்திலேயே முகம் காட்டும்.

ஹெலிகாப்டரின் தலைமைப் பொறியாளர் பாப் பலராம், சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். விண்கலங்கள் கோளின் காற்றுமண்டலத்தில் நுழைந்து இறங்குவதைக் கணினியில் பாவித்துப் பார்க்கும் மென்பொருள்களில் பல ஆண்டுகள் உழைத்தவர். செவ்வாயில் ஹெலிகாப்டர் பறக்கலாம் என்ற எண்ணம் 1990களிலேயே அவருக்கு வந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இலான் க்ரூ, பூமியில் பறக்கக்கூடிய மிகச் சிறிய சுழலிப் பொறிகளைப் பற்றிப் பேசியதைக் கேட்டபோது பொறி தட்டியது. ஒரு திட்டமும் எழுதினார். நிதி வரவில்லை, கோப்பு 15 ஆண்டுகள் அலமாரியில் கிடந்தது. அது மறுபடி வெளியே வந்தபோது, திட்டத்தின் தலைமைப் பொறியாளராக ஒரு பாவனையாக்க வல்லுநரே அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இந்தப் பொறிக்கு அதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

2014இல் ஒரு சிறிய மாதிரியைச் செய்து, செவ்வாய் அளவுக்குக் காற்றை உறிஞ்சிய அறைக்குள் வைத்தார்கள். ஒருவர் கைப்பிடியைப் பிடித்து இயக்கினார். மாதிரி எழும்பியது. தூக்குவிசை போதும் என்பது உறுதியானது. ஆனால் அடக்கவே முடியவில்லை, தாறுமாறாகத் துள்ளி விழுந்தது. பழகிய கைக்கும் அது கட்டுப்படவில்லை.

ஏன்? காரணம் அழகானது. சுழலும் இறக்கை ஒரு விறைப்பான தகடு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது வில்போல வளைந்து மேலும் கீழும் அடித்துக்கொள்ளும். பூமியில் அப்படி அடித்துக்கொள்ளும் இறக்கையை அடர்ந்த காற்றே பிடித்து அமர்த்திவிடும். இந்த அமர்த்தலுக்குத் தணிப்பு என்று பெயர். பூமியில் ஹெலிகாப்டர் செய்பவர்களுக்கு அது காற்று இலவசமாகத் தரும் உதவி. செவ்வாயின் மெல்லிய காற்றில் அந்த உதவி இல்லை. ஒருமுறை அடித்துக்கொள்ளத் தொடங்கிய இறக்கை எளிதில் அடங்காது. உடல் சாய்கிறதே என்று கட்டுப்பாடு திருத்தம் கொடுத்தால், அந்தத் திருத்தமே இறக்கையின் அடிப்பைத் தூண்டிவிடும்.

கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பேற்றிருந்த ஹோவர்ட் க்ரிப்பும் அவர் குழுவினரும் இதைச் சமன்பாடுகளில் பிடித்தார்கள். இறக்கையை இன்னும் விறைப்பாக்கு என்பது விடை. விறைத்த இறக்கை மிக விரைவாக அதிரும். கட்டுப்பாட்டின் திருத்தங்கள் அதைவிட மெதுவாக நடப்பதால் ஒன்றையொன்று தூண்டாது. சொல்ல எளிது. விறைப்பு கூடினால் எடை கூடும் என்பதுதான் இடையூறு. நுரைப் பொருளை உள்ளே வைத்து மேலே கரியிழை போர்த்திய இறக்கைகளால் அந்த முடிச்சு அவிழ்ந்தது. 2016 மே 31 அன்று அதே அறையில், கணினி ஓட்டிய முழு அளவு மாதிரி ஒன்று தளும்பாமல் அந்தரத்தில் நின்றது.

இப்படி ஒரு நூலை இழுத்தால் இன்னொரு நூல் இறுகும் வலைதான் தொடக்க நிலை வடிவமைப்பு. தூக்குவிசை போதவில்லையா? வேகமாகச் சுற்றலாம். ஆனால் 2,537 சுற்றில் இறக்கையின் நுனி மணிக்கு ஏறக்குறைய 580 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. செவ்வாயில் ஒலியின் வேகமும் குறைவு, நொடிக்குச் சுமார் 240 மீட்டர். நுனி ஏற்கெனவே அதில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிவிட்டது. இன்னும் நெருங்கினால் அதிர்வும் இழுவிசையும் எகிறும். சரி, இறக்கையை நீட்டலாமா? ஹெலிகாப்டர் பயணம் செய்தது பெர்சிவரன்ஸ் ஊர்தியின் வயிற்றுக்கு அடியில். அங்கே இருக்கும் இடம் அவ்வளவுதான். மின்கலத்தைப் பெரிதாக்கலாமா? எடை கூடும். சிறிதாக்கலாமா? இரவில் வெப்பநிலை −90 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும் இடம் அது. சூரியத் தகடு சேர்க்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு, பறப்பதற்கு அல்ல, இரவில் உறையாமல் உயிர்பிழைக்கவே செலவாகிறது. எந்த ஒன்றை மாற்றினாலும் மற்ற அனைத்தையும் மறுபடி கணக்கிட வேண்டும். உலோகத்தில் செய்து பார்த்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மாதக்கணக்கில் ஆகும். கணினியில் ஓர் எண்ணை மாற்றி மறுபடி ஓடவிடலாம்.

ஓடவிடுவது என்றால் உள்ளே என்ன நடக்கிறது? கணினி காலத்தை மிகச் சிறிய துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் எல்லா விசைகளையும் கூட்டி, ஒவ்வொரு பாகமும் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று கணக்கிட்டு, அங்கிருந்து அடுத்த துண்டுக்குப் போகிறது. துண்டு எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும்? நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் இறக்கை 15 டிகிரி திரும்பிவிடுகிறது. வளைந்து நெளியும் நான்கு இறக்கைகளையும், அவை தாங்கும் உடலையும், உடலின் கால்களையும் ஒன்றோடொன்று இணைந்த பொருள்களாகப் பாவித்துக் கணக்கிடும் முறைக்குப் பல்லுறுப்பு இயக்கவியல் என்று பெயர். இதற்காக ஜெட் உந்துவிசை ஆய்வகம் 'டார்ட்ஸ்' என்ற மென்பொருளை நீண்ட காலமாக வளர்த்து வந்திருந்தது. அதன்மேல் ஹெலிகாப்டருக்கென்றே 'ஹெலிகேட்' என்ற மென்பொருளைக் கட்டினார்கள்.

தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் நுணுக்கமாகக் கணக்கிட வேண்டியதில்லை என்பது இந்தக் கலையின் இன்னொரு ரகசியம். முதல் வாரங்களில் மின்கலம் வெறும் ஓர் எண்ணாக இருக்கலாம், இறக்கை வளையாத தகடாக இருக்கலாம். இந்தச் சுழலிக்கு இந்த எடையைத் தூக்கத் தெம்பு உண்டா என்பதுபோன்ற முரட்டுக் கேள்விகளுக்கு முரட்டு மாதிரி போதும். கேள்வி நுணுக்கமாகும்போது அந்த ஓர் இடத்தில் மட்டும் நுணுக்கமான மாதிரியைக் கழற்றி மாட்டினால் போதும், மற்றவை அப்படியே இருக்கட்டும். எதை எப்போது நுணுக்கமாக்குவது என்பதில்தான் அனுபவம் தெரியும். தேவைக்கு மிஞ்சிய நுணுக்கம் கணினியை நத்தையாக்கும். தேவைக்குக் குறைந்தால், 2014இல் துள்ளி விழுந்த மாதிரிக்கு நேர்ந்ததுதான் நேரும்.

ஆனால் கணினி சொல்வதை எப்படி நம்புவது? அளந்து பார்த்துத்தான். ஆய்வகத்தின் விண்வெளிச் சூழல் அறை சுமார் 7.6 மீட்டர் அகலமான பெரிய உருளை. காற்றை உறிஞ்சிவிட்டுச் சிறிதளவு கரியமில வாயுவை நிரப்பினால் செவ்வாயின் காற்று தயார். ஈர்ப்பு விசையை உறிஞ்ச வழியில்லை. ஆகவே மோட்டார் இழுக்கும் ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டி, எடையில் மீதி 62 விழுக்காட்டை மேலிருந்து தாங்கினார்கள். காற்று வீசுவதைச் சோதிக்கச் சிறு விசிறிகளை வரிசை வரிசையாக அடுக்கிய சுவர். அறையின் சுவர்களில் மோதித் திரும்பும் காற்று வேறு குறுக்கிட்டது. ஒரு சோதனையில் காற்று சரியாக இருக்கும், ஈர்ப்பு தவறாக இருக்கும். இன்னொன்றில் ஈர்ப்பைச் சரிசெய்தால் கயிறு இடைஞ்சல் தரும். 2021க்கு முன் செவ்வாயின் எல்லா நிலைமைகளும் ஒருசேர இந்த ஹெலிகாப்டரைச் சூழ்ந்திருந்தது கணினிக்குள் மட்டுமே. அறையின் வேலை கணினி மாதிரியைச் சோதிப்பது. ஹெலிகாப்டரை அசைய விடாமல் பொருத்தி, இறக்கைச் சாய்வை மெதுவாகவும் வேகமாகவும் ஆட்டி, உருவாகும் விசையை அளந்தார்கள். அளவும் கணக்கும் ஒத்துப்போகாத இடத்தில் மாதிரியைத் திருத்தினார்கள்.

திருத்திய பிறகும் தெரியாதவை மிஞ்சும். அன்றைய காற்றடர்த்தி என்ன, காற்று எந்தப் பக்கம் வீசும், உணரிகள் எவ்வளவு தவறும்? இதற்கு மாண்டே கார்லோ முறை என்றொரு வழி உண்டு. தெரியாத ஒவ்வோர் அளவுக்கும் ஒரு வரம்பு வைத்து, அந்த வரம்புக்குள் ஏதோவொரு மதிப்பை எடுத்து ஒரு பறத்தல், மதிப்புகளை மாற்றி இன்னொரு பறத்தல் என்று மீண்டும் மீண்டும் ஓடவிடுவார்கள். கேள்வி 'பறக்குமா' என்பதிலிருந்து 'எப்போது விழும்' என்று மாறிவிடும். விழும் நிலைகளைக் கண்டுபிடித்து, அவற்றிலிருந்து தள்ளி நிற்கும்படி வடிவமைப்பார்கள்.

2021 ஏப்ரல் 19 அன்று இன்ஜெனுவிட்டி 3 மீட்டர் எழும்பி, 39.1 நொடி பறந்து இறங்கியது. அன்று பூமியிலிருந்து வானொலி அலை செவ்வாய்க்குப் போய்ச்சேரவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதை ஓட்டியது அதன் மென்பொருள்தான்.

தள்ளி நிற்பதன் மதிப்பு ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. மே 22, ஆறாவது பறத்தல். 10 மீட்டர் உயரம். பறக்கத் தொடங்கிய சுமார் 54ஆவது நொடியில், கீழ்நோக்கிய கேமரா அனுப்பும் படங்களில் ஒரே ஒரு படம் தொலைந்தது. நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படம் போனால் என்ன என்று தோன்றும். ஆனால் அதன்பின் வந்த ஒவ்வொரு படத்தின்மீதும் தவறான நேரம் பதிந்தது. தரை நகர்வதைப் படத்தில் பார்த்துத் தன் வேகத்தைக் கணிக்கும் பொறி அது. பழைய படத்தைப் புதியது என்று நம்பித் திருத்தம் கொடுத்தது, திருத்தத்துக்குத் திருத்தம் கொடுத்தது. 20 டிகிரிக்கும் மேலாகச் சாய்ந்து, முன்னும் பின்னும் தள்ளாடிக்கொண்டே பறந்தது. ஆனாலும் குறித்த இடத்துக்கு 5 மீட்டருக்குள் பத்திரமாக இறங்கியது. நேரப் பிழைகளைக்கூடத் தாங்கும் அளவுக்குக் கட்டுப்பாட்டில் இடைவெளி விட்டிருந்தார்கள். தரையை நெருங்கும்போது கேமராவை நம்பாதே என்று முன்கூட்டியே எடுத்த முடிவும் கைகொடுத்தது. இந்தக் குறிப்பிட்ட கோளாறை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. எதிர்பாராதது வரும் என்று எண்ணி விட்ட இடைவெளி அதை விழுங்கிவிட்டது.

தொடக்கத்தில் வைக்கும் எளிமையாக்கம் பின்னால் கணக்குக் கேட்பதும் உண்டு. ஹெலிகாப்டரின் வழியறியும் மென்பொருள், கீழே தரை சமதளம் என்று வைத்துக்கொண்டது. ஐந்தே பறத்தல், அதுவும் சமவெளியில் என்ற திட்டத்துக்கு அது நியாயமான முடிவு. ஜூலை 5 அன்று ஒன்பதாவது பறத்தலில் 'சேய்டா' என்ற மணல்மேட்டுப் பகுதிக்கு மேலே 625 மீட்டர் போக வேண்டியிருந்தது. மேடும் பள்ளமும் வந்தால், தரையின் சரிவைத் தன் உடலின் திருப்பம் என்று அது தவறாக எண்ணிக்கொள்ளும். பறக்கும் முன் குழு மறுபடி பாவனையாக்கத்துக்குத்தான் போனது. எவ்வளவு தடம் மாறும் என்று ஓட்டிப் பார்த்து, ஆபத்தான சரிவில் வேகத்தைக் குறைத்து, இறங்கும் இடத்தைக் கூடுதல் அகலமாகத் தேர்ந்தார்கள். ஐந்து பறத்தலுக்கென்று போன ஹெலிகாப்டர் 2024 ஜனவரி 18 வரை 72 முறை பறந்தது.

நிலத்தில் நடக்கும் ரோபோக்களிடம் இதே கலை இன்னொரு வடிவம் எடுத்திருக்கிறது. சூரிச் தொழில்நுட்பக் கழகத்தின் 'எனிமல்' என்ற நான்குகால் ரோபோவுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்க, 2021இல் ஆயிரக்கணக்கான பாவனை ரோபோக்களை ஒரே வரைகலைச் சில்லில் ஒரே நேரத்தில் நடக்கவிட்டார்கள். விழுந்து எழுந்து, சமதரையில் நடக்கக் கற்க 4 நிமிடத்துக்கும் குறைவு. கரடுமுரடான தரைக்கு 20 நிமிடம். அதற்கு முன் 2019இல் அதே கழகத்தார் ஒரு நுட்பமான சிக்கலைத் தீர்த்திருந்தார்கள். பாவனைக்கும் நிஜத்துக்கும் இடைவெளி பெரிதாக இருந்த இடம் ரோபோவின் மோட்டார். உராய்வு, பற்சக்கர நெகிழ்வு, கட்டளைத் தாமதம் என்று அதற்குள் எத்தனையோ சேட்டை. சமன்பாடு எழுதி மாளாது என்று, உண்மையான மோட்டாரை ஆட்டிப் பதிவு செய்த தரவைக் கொண்டு ஒரு நரம்பியல் வலையைப் பழக்கி, அதையே பாவனைக்குள் மோட்டாராக மாட்டினார்கள். கணினியில் பழகிய நடையை நிஜ எனிமல் அப்படியே நடந்து காட்டியது.

இப்போது இதே பாதையில் போவது 'டிராகன்ஃபிளை'. எட்டுச் சுழலிகள் கொண்ட, கார் அளவிலான இந்தப் பறக்கும் ஆய்வகத்தை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகம் கட்டுகிறது. 2028இல் கிளம்பி, 2034இல் சனியின் டைட்டன் துணைக்கோளில் இறங்கத் திட்டம். அங்கே கதை தலைகீழ். காற்று நம்முடையதைவிட நான்கு மடங்கு அடர்த்தி, ஈர்ப்பு ஏழில் ஒரு பங்கு, குளிர் −179 டிகிரி. கனத்த காற்றில் சுழலிகள் எப்படி நடந்துகொள்ளும் என்று அறிய, அவற்றை ஆர்-134ஏ என்ற குளிர்பதன வாயு நிரப்பிய காற்றுச் சுரங்கத்தில் சுற்றவிட்டார்கள். சோதனைப் பொறி ஒன்றைக் கலிஃபோர்னியாவின் மணல்மேடுகளுக்கு மேலே பறக்கவிட்டார்கள். ஒரு சோதனையில் வாயு பொருந்தியது, மற்றதில் மணல் பொருந்தியது. இரண்டின் அளவீடுகளும் போய்ச் சேருமிடம் கணினி மாதிரி. அங்கே டைட்டனின் காற்றும் ஈர்ப்பும் குளிரும் ஒன்றுகூடியிருக்கின்றன.